டைரக்டர் மாடியில் கோளாறு

— தலையணையைக் கழட்டாமல் பாக்க ஏலாதோ, தம்பி?

— ஏலா அண்ணன். தலகாணிக்கு உள்ளுக்கு ஈக்கிற பெனல நான் எப்படிப் பாக்கிற? யாரு இதுக்கு இந்தக் கட்டுக் கட்டின?

— நான்தான். இந்த லொட்ஜுக்கு மனேஜர் நாகேந்திரம் இருக்கேக்க வேற ஆர் கட்டுறது? ஒரு கிழமையா உது கீச்சிடுது, விளங்குதோ. முதல் துவாய் சுத்திப் பாத்தன். பிறகு தலையணை. இண்டைக்கு உங்கட கொம்பனி உம்மை அனுப்பாட்டி மெத்தை.

— கீச்சிடுறது நெருப்பு மணி இல்ல அண்ணன். பெட்டிக்குள்ள ஈக்கிற சின்ன பசர். "எனக்குள்ள ஒரு கோளாறு ஈக்கி, வந்து பாருங்க" எண்டு செல்லுது. மணி வேற. மணி அடிச்சா, வெள்ளவத்தையில ஈக்கிற தலகாணி எல்லாத்தயும் கட்டினாலும் பத்தா.

— தெரியும். அடிச்சது. அதாலதான் உம்மைக் கூப்பிட்டனான்.

— அதுக்கு வாறன். மொதல்ல இதப் பாப்பம். மூணாவது சோன், மூணாவது பகுதியில, மஞ்சள் லைட் பத்தீக்கி. பக்கத்துல "டைரக்டர்" எண்டு எழுதீக்கி. யாரு டைரக்டர்?

— அது மூண்டாம் மாடி.

— மூணாம் மாடியில டைரக்டர் ஒருத்தர் ஈக்கிறாரா?

— இல்லைத் தம்பி, யாழ்ப்பாணத்தால கப்பல்ல வந்த சனம் இருக்குது. பெட்டி பழசு. கொழும்புக் கோட்டையில குண்டு வெடிச்ச கந்தோர் ஒண்டில இருந்து கழட்டினதை முதலாளி ஏலத்தில எடுத்தவர். மணி இல்லாட்டி லொட்ஜுக்கு லைசன்ஸ் இல்லையெண்டு சொல்லிப் போட்டாங்கள். எழுத்தை மாத்த நேரம் வரேல்லை. கீழ் மாடி "கன்டீன்". முதலாம் மாடி "எக்கவுண்ட்ஸ்". இரண்டாம் மாடி "ஸ்ரோர்ஸ்".

— ரெண்டாம் மாடியில என்ன ஈக்கி?

— அதுவும் கப்பல்ல வந்த சனம்தான். விசா வரும் வருமெண்டு வருசக்கணக்கா இருக்குதுகள்.

— அப்ப ஸ்டோர்ஸ் சரி.

— பகிடி விடாதையும். நீர் திருத்திறதைத் திருத்தும். ஆனா நான் கூப்பிட்டது வேற வேலைக்கு. மூண்டாம் மாடியில சுவரில ஒரு சிவப்புப் பெட்டி இருக்கெல்லோ, கண்ணாடி போட்டது. அதை அமத்தினா மணி அடிக்கக் கூடாது.

— அமத்தினா மணி அடிக்கத்தான் அத அங்க பூட்டீக்கி.

— ஓம். அடிக்கக் கூடாது.

— நான் கொழும்பில எத்தனையோ கட்டடத்துக்கு மணி பூட்டீக்கன் அண்ணன். மணிய ஊமையாக்கச் சொன்ன மொத ஆள் நீங்கதான்.

— நான் சொல்லேல்லை. பொலிஸ் இன்ஸ்பெக்டர் சொன்னவர். போன செக்கிங்குக்கு அவையள் படியேறேக்க, மேல ஒருத்தி அந்தப் பெட்டியை அமத்திப் போட்டாள். நெருப்பெண்டு லொட்ஜ் முழுக்க வெளியால ஒழுங்கையில. சாரத்தோட ஆம்பிளையள், தலை முழுகினபடி பொம்பிளையள், ஒவ்வொருத்தற்ற கையிலயும் அடையாள அட்டை. எதிர் வீட்டு டோரின் மிஸ் கதிரையும் தூக்கிக் கொண்டு கேற்றடிக்கு வந்திட்டா. வழக்குப் பேசுற பக்கத்து வீட்டுச் சிங்கள அப்புக்காத்தர் பல்கனியில நிண்டு சுருட்டுப் பத்துறார். இவ்வளவு பேர் பாத்துக் கொண்டு நிக்கேக்க ஆரை எப்பிடி...

— எப்படி?

— ஒண்டுமில்லை. அண்டைக்கு அவையள் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டினம்.

— யாரயும் ஜீப்புல ஏத்தாம?

— ஏத்தாமல்.

— அதுக்கு முந்தின செக்கிங்கில?

— அது மணி இல்லாத செக்கிங்.

— அதானே. சும்மா கேட்டன்.

— சும்மா கேளாதையும். இண்டைக்குப் பின்னேரம் திரும்ப வருகினம். இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்தில வேலை செய்தவர், நல்ல தமிழ். ரெலிபோனில வடிவாச் சொன்னவர்: "நாகேந்திரம், மூண்டாம் மாடி மணி அடிச்சா லொட்ஜுக்குப் பூட்டு, உமக்கு விலங்கு." பதினாலாம் அறையோட தனியக் கதைக்க வேணுமாம்.

— பதினாலாம் அறையில யாரு?

— நான்தான் பதினாலு. கௌரி. அண்டைக்குப் பெட்டியை அமத்தின "ஒருத்தி"யும் நான்தான். ஏன் நாகேந்திரண்ணை, பேரைச் சொன்னா வாய் வெந்து போகுமோ?

— பிள்ளை, நீர் படியில நிண்டு கேட்டுக் கொண்டோ இருந்தனீர்? உம்மை விடியவே வத்தளைக்குப் போகச் சொன்னனான். உம்மட பெரியம்மா பாலேஸ்வரி வீடு இருக்கு, ரெண்டு கிழமை அங்க இரும்.

— ஏன் போக? என்னட்டை அடையாள அட்டை இருக்கு. பொலிஸ் பதிவு இருக்கு. கதவுக்கு நம்பரும் இருக்கு. வந்து தட்டட்டும். ஒளிச்சுப் போனா, அப்பிடி ஒருத்தி இருக்கேல்லை எண்டு சொல்ல உங்களுக்கும் சுகம்.

— சரி, சரி. வேலை செய்ய வந்த தம்பியின்ர முன்னால உந்தக் கதை வேண்டாம்.

— தம்பியும் கேக்கட்டும். தம்பி, உங்கட பேரென்ன?

— புவாத்.

— புவாத் தம்பி, பதின்மூண்டாம் அறையில என்ர அண்ணா யோகநாதன் இருந்தவர். அந்த மணி இல்லாத செக்கிங்கில இறங்கிப் போனவர். செருப்புப் போட விடேல்லை. அண்டு தொடக்கம் பொலிஸ் ஸ்டேசன் படியேறி இறங்கிறன். "லொட்ஜ் மனேஜரே அப்பிடி ஒருத்தர் இருக்கேல்லையெண்டு சொல்லுறார், நீர் என்ன கேக்கிறீர்?" எண்டு திருப்பி அனுப்புகினம். நான் திரும்பத் திரும்பக் கேக்கிறது பிடிக்கேல்லை. அதுக்குத்தான் இண்டைக்குப் பதினாலு. அந்த மனேஜர் வேற ஆருமில்லை, இந்தா தலையணையைக் கட்டிப் பிடிச்சுக் கொண்டு நிக்கிறார்.

— அவை அப்பிடித்தான் சொல்லச் சொன்னவை, பிள்ளை. ஒரு லொட்ஜ் சனத்தை நான் பாக்க வேண்டாமே?

— பாத்தனீங்கள். ஒராள் குறையப் பாத்தனீங்கள்.

— நான்... நான் பெனலப் பாக்கன். கௌரி அக்கா, மூணாம் மாடியில வயர் முடியிற எடத்துல, ஒங்கட கதவுக்குப் பக்கத்தில, ஒரு வெள்ளப் பெட்டி ஈக்கும். அதுல யாரும் கை வச்சா?

— உஷ்! மெல்லக் கதையும் தம்பி.

— என்னத்துக்கு?

— அதுக்குள்ள அவங்கள் ஒரு சாமான் வச்சிருந்தவங்கள்.

— எவங்க? என்ன சாமான்?

— அவங்கள்தான். கேக்கிற சாமான்.

— நான் சொல்லுறன் புவாத் தம்பி, இவர் சொன்னா விடிஞ்சிரும். பதினோராம் அறைக் கிளெமென்ற் பல்ப் மாத்தப் போய், ஆர்வத்தில பெட்டியைத் திறந்து பாத்தவர். வயர் அங்க முடியுது. அதுக்கங்கால ஒண்டுமில்லை. நுனியில மட்டும் அரிசியிலும் பார்க்கக் கொஞ்சம் பெரிய ஒரு சாமான். நிறம் நிறமாக் கோடு, ரெண்டு பக்கமும் மீசை.

— ஒண்டிலயும் கொழுவாமல் சும்மா தொங்குற சாமானுக்கு வேற என்ன வேலை, விளங்குதோ? ஒட்டுக் கேக்கிறதைத் தவிர?

— அப்ப அத என்ன செஞ்சீங்க?

— கழட்டினா அவங்களுக்குச் சந்தேகம் வரும். அதால அப்பிடியே விட்டிட்டு, கேக்கிறவங்களின்ர மனசு நோகாமல் கதைச்சுக் கொண்டு வந்தம்.

— கிளெமென்ற் காலமையில அதுக்கு முன்னால நிண்டு தேசிய கீதம் பாடினவர், தம்பி. சிங்களத்தில. சுருதி இல்லை, ஆனா பயம் நல்லா இருந்தது. அன்னபாக்கியம் மாமி சந்தையால வந்து, சாமான் விலை எல்லாம் இறங்கீட்டுதெண்டு அதுக்குச் சொன்னவ. அண்டைக்குத்தான் பாண் விலை கூடினது. இவர் ஏறி வந்து குட் மோர்னிங் சொல்லுவார்.

— மரியாதைதானே பிள்ளை. ஆர் கேக்கிறாங்களெண்டு தெரியாது. பெரிய ஆக்களாயும் இருக்கலாம்.

— நான் மட்டும்தான் அதிட்டைக் கேள்வி கேட்டனான். "என்ர அண்ணாவை எங்க வச்சிருக்கிறியள்?" ஒவ்வொரு நாளும் கேட்டன். குட் மோர்னிங்குக்கும் பதில் இல்லை, என்ர கேள்விக்கும் பதில் இல்லை. போன கிழமை ஆத்திரத்தில புடுங்கிப் போட்டன்.

— புடுங்கின அந்த நிமிசம், தம்பி, அந்த நிமிசம் கீழ இந்தப் பெட்டி கத்தத் தொடங்கினது! அவங்களுக்கு உடன விளங்கீட்டுது. இப்ப இன்ஸ்பெக்டரின்ர ரெலிபோன். நான் அப்பவே சொன்னனான்.

— அக்கா, அந்தச் சாமான் இப்ப எங்க?

— இந்தாங்கோ. பால்மா டின்னுக்குள்ள, பஞ்சுக்கு நடுவில. அதுக்கு ஒண்டும் கேக்கக் கூடாதெண்டு வச்சனான்.

— யா அல்லாஹ்.

— என்ன தம்பி? பெரிய ஆக்களின்ரயோ?

— இது ரெசிஸ்டர் அண்ணன். மருதானையில ரேடியோக் கடையில அள்ளிக் குடுக்கிற சாமான். இதுக்குக் காதுமில்ல, வாயுமில்ல.

— கேக்காதோ?

— கேக்கா.

— அப்ப கிளெமென்ற் பாடினது?

— பல்லி கேட்டீக்கும்.

— நாகேந்திரண்ணை, நீங்கள் இருங்கோ, முகம் வெளிறிப் போச்சு. தம்பி, கேக்காத சாமானை அதில ஏன் கொழுவி வச்சிருக்கு? அது நுனியில, தனிய, ஒண்டோடயும் சேராமல் நிண்டதே.

— நுனியில நிக்கிறதுதான் அதுட வேல. ஸ்கூல்ல ஒவ்வொரு பேராச் செல்லி இடாப்புக் கூப்பிடுவாங்கல்லவா, அக்கா? பெனலும் அப்படித்தான். எந்நேரமும் வயர் வழிய ஒரு சின்னக் கரண்ட் அனுப்பி இடாப்புக் கூப்பிட்டுக் கொண்டே ஈக்கும். கடைசியில நிக்கிற இவன் "இருக்கிறன்" எண்டு செல்லணும். அது வந்தாத்தான், நடுவுல ஒண்டும் அறுபடல்ல எண்டு பெனலுக்கு விளங்கும். வராட்டி மஞ்சள் லைட்டப் போட்டுக் கத்தும். ஆள் திரும்பி வாற மட்டும் கத்தும்.

— தலையணை கட்டினாலும்?

— தலகாணி கட்டினாலும்.

— அரிசியளவு சாமான் ஒண்டு காணாமல் போனதுக்கு ஒரு கிழமையாக் கத்தியிருக்கு. என்ர அண்ணா இறங்கிப் போன அண்டைக்கு இந்தக் கட்டடத்தில ஒரு கதவு கிறீச்சிடேல்லை. கேட்டியளோ, நாகேந்திரண்ணை? ஏலத்தில எடுத்த பெட்டி இது. இதுக்கு இருக்கிற ரோசம்...

— தம்பி, மேல போய் அதைக் கொழுவிப் போட்டு வாரும்.

— பதில் சொல்லுங்கோவன் அண்ணை.

— கொழுவட்டும் பிள்ளை. முதல் கொழுவட்டும். போம் தம்பி, கெதியாப் போம்.

— கீச்சுச் சத்தம் நிண்டிட்டுது, அண்ணை. தம்பி மேல கொழுவீட்டார் போல.

— ஓம். நிண்டிட்டுது. சிவசிவா, எங்கட லொட்ஜ் இவ்வளவு அமைதியெண்டு மறந்து போனன்.

— பூட்டிட்டு வந்திட்டன் அண்ணன். இப்ப பச்ச லைட் மட்டும்தான். பெனல் மிச்சம் நல்ல பெனல். இதப் போய் ஊமையாக்கணுமா? நல்லா யோசிச்சுச் செல்லுங்க.

— யோசிச்சுப் போட்டன். மூண்டாம் மாடியை அணையும்.

— மனேஜர்!

— என்ன பிள்ளை, அண்ணை போய் மனேஜர் வந்திட்டுதோ? இன்ஸ்பெக்டர் சொன்னதை நான் செய்ய வேணும். அவர் சொன்னதைச் செய்யும், தம்பி. அவர் சொன்னதை மட்டும் செய்யும். அதுக்கு மேல ஒரு ஆணியும் கழட்டாதையும்.

— சரி. பெட்டிட பூட்டுக்குத் தொறப்பப் போட்டுத் திருப்பணும். பொறகு கோட் அடிக்கணும். பழைய கந்தோர்ட கோட் என்னேண்டு தெரியுமா?

— ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.

— கோட்டையில குண்டு வெடிச்சும் மாறாத கோட். இந்தா, மூணாவது சோன், அணைச்சிட்டன். இனி "டைரக்டர்" மாடியில எவ்வளவு அமத்தினாலும் ஒண்டும் நடக்கா. ஆனா பாருங்க, மஞ்சள் லைட் திரும்பப் பத்துது. அத அணைக்க ஏலா. ஒரு சோன அணைச்சு வச்சா, அணைச்சீக்கி எண்டு இந்தப் பெட்டி எல்லாருக்கும் காட்டிக் கொண்டே ஈக்கும்.

— நல்லது. இன்ஸ்பெக்டருக்குக் காட்டலாம். கீழ் மாடி என்ன மாதிரி? "கன்டீன்"?

— கன்டீன் வேல செய்யுது.

— சும்மா சொல்லாதையும். இந்தா, என்ர மேசைக்குப் பின்னால இருக்கிற சிவப்புப் பெட்டி. வடிவாப் பாரும். தேத்தண்ணிக் கேத்தில் பக்கத்தில இருக்கு, வயரும் பழசு.

— கேட்டியளோ தம்பி? எங்களுக்கு மணி இல்லை. இவற்ற கேத்திலுக்கு மணி.

— பாத்தன் அண்ணன். நல்லா ஈக்கி. எந்த மாடியில அமத்தினாலும் மணி எல்லா மாடியிலயும்தான் அடிக்கும். ஒண்டு செல்லணும், இதுல ஒரு சுணக்கம் வச்சீக்கி. கீழ அமத்தினா உடன அடிக்கா. வோச்சர் போய் மெய்யான நெருப்பா எண்டு பாத்திட்டு வாற மட்டும் பொறுத்து அடிக்கும். கந்தோர்க்காரங்கட பழக்கம்.

— அதை எடுத்து விடும். எங்கட கேத்தில் பொறுக்காது.

— எடுத்திட்டன். இனி அமத்தின ஒடன அடிக்கும்.

— அடிக்கத் தொடங்கினா எப்பிடி நிப்பாட்டுறது?

— தொறப்பு வேணும். தொறப்பப் போட்டுத்தான் நிப்பாட்டலாம். தொறப்பு ஒண்டுதான் ஈக்கி.

— தொலைஞ்சா?

— அடிச்சிக் கொண்டே ஈக்கும். கரண்ட வெட்டினாலும் உள்ளுக்குப் பெட்டரி ஈக்கி. சனத்துக்கு வெளிய போய்ச் சேர நேரம் வேணுமல்லவா?

— அப்ப நீரே கொண்டு போம். இந்தாரும், திறப்பு.

— எனக்கு என்னத்துக்கு அண்ணன்?

— என்னட்டை இருந்தா இவள் பிடுங்கி, மூண்டாம் மாடியைத் திரும்பப் போட்டிடுவாள். பாரும், இப்பவே கையைப் பாக்கிறாள்.

— ஓமோம், பிடுங்குவன்தான். தாங்கோ புவாத் தம்பி. நீங்கள் எங்கட கதையெல்லாம் கேட்டனீங்கள். மனச்சாட்சி இருந்தாத் தாங்கோ.

— அக்கா...

— குடுக்காதையும்! ஜீப் சத்தம் கேக்குது. சொன்ன நேரத்துக்கு முதல் வந்திட்டினம். தம்பி, பின்பக்கத்தால இறங்கும். கடற்கரையோட போனா ஸ்டேசன். வாற ரயில்ல ஏறும், திரும்பிப் பாராதையும். திறப்புப் பத்திரம்.

— அக்கா, என்னய மன்னிச்சுக் கொள்ளுங்க. நான் வேல செய்ய வந்த ஆள்.

— போங்கோ தம்பி, உங்களில கோபமில்லை. நாகேந்திரண்ணை, நான் மேல போறன். என்ர அறையில, கதவைத் திறந்து வச்சுக் கொண்டு இருப்பன். அவையை நீங்களே கூட்டிக் கொண்டு வாங்கோ. வழி தெரியுந்தானே, ஒருக்காக் காட்டின வழி.

— போம் பிள்ளை. மேல போய் நில்லும். செருப்பைப் போட்டுக் கொண்டு நில்லும்.

— அந்த அளவுக்காவது இரக்கம் இருக்கே.

— எண்ட சேர், எண்ட, வாங்கோ. வாடிவென்ட சேர்... இல்லையோ, இருக்க நேரமில்லையோ? சரி சேர்... மணியோ? நிப்பாட்டியாச்சு. இந்தா பாருங்கோ சேர், மஞ்சள் லைட். "டைரக்டர்". சேர் சொன்னபடி மூண்டாம் மாடி ஊமை... ஓம் சேர், பதினாலு மேலதான்... தனியத்தான் இருக்கிறா... மற்ற ஆக்கள் எல்லாம் அறைக்குள்ள, ஒருத்தரும் வெளியால வரமாட்டினம்... பெரிய உபகாரம் சேர்... படி இருட்டு, பாத்து ஏறுங்கோ. நான் இந்தக் கேத்திலை ஒருக்காப் பாத்திட்டு வாறன்.

— ஐயோ, மணி! ஆர் அமத்தினது? நாகேந்திரண்ணை! மூண்டாம் மாடியை அணைச்சதெண்டியள், மணி அடிக்குது!

— சேர்? கேக்கேல்லை சேர், சத்தம்! மூண்டாம் மாடி இல்லை சேர், பாருங்கோ, சிவப்பு லைட் "கன்டீன்". சேர் கன்டீனைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே... நிப்பாட்டவோ? திறப்பு வேணும் சேர். திறப்பு ரயில்ல போகுது... கரண்டை வெட்டிப் பாருங்கோ, அடிக்கும். நல்ல பெட்டி சேர், கோட்டையில குண்டு வெடிச்ச கந்தோரிலயும் தப்பினது... எங்க நெருப்போ? அதைப் பிறகு தேடலாம் சேர். மணி அடிச்சா முதல் வெளியால போக வேணும், லைசன்ஸ் சட்டம். பிள்ளையள், எல்லாரும் ஒழுங்கைக்கு! அடையாள அட்டையோட! கௌரி, இறங்கி வாரும்! சேருக்கு முன்னால வாரும், நடுவால வாரும்! டோரின் மிஸ், கதிரையைக் கொண்டு வாங்கோ! அப்புக்காத்தர் ஐயா, குட் ஈவ்னிங்!

— நாகேந்திரண்ணை, உங்களுக்கு விசரோ? லொட்ஜைப் பூட்டிப் போடுவினம்!

— பூட்டட்டும். வரிசையா நில்லுங்கோ. சட்டப்படி எல்லாரும் வந்திட்டினமோ எண்டு இடாப்புக் கூப்பிட வேணும். சேரும் நிண்டு கேளுங்கோ. நான் தொடங்கிறன். கீழ் மாடி, நாகேந்திரம். இருக்கிறன்! மூண்டாம் மாடி, பதினோராம் அறை!

— கிளெமென்ற். இருக்கிறன்.

— பன்னிரண்டு!

— அன்னபாக்கியம். இருக்கிறன் தம்பி.

— பதினாலு!

— கௌரி. இருக்கிறன். அண்ணை, பதின்மூண்டை விட்டிட்டியள். வழமை போல.

— விடேல்லைப் பிள்ளை, கடைசிக்கு வச்சிருக்கிறன். பதின்மூண்டாம் அறை, யோகநாதன்!... யோகநாதன்!... டோரின் மிஸ், உங்களுக்கு ஏதும் கேட்டதோ? அப்புக்காத்தர் ஐயா, உங்களுக்கு? கேக்காது. அந்தப் பிள்ளை என்ர லொட்ஜில இருந்தவன், சேர். அண்டைக்கு உங்களுக்குக் கதவு திறந்து விட்டது நான். அவன் திரும்பி வாற மட்டும் இனி நான் கத்துவன் சேர். தலையணை கட்டினாலும்.